கேரி, மோரிஸ்வில்: எந்தச் சாமானுக்கு எந்தக் கடை, எந்த ஆளுக்கு எந்தக் கூட்டம்?

வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பக்கம் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் பலரும் வீடு தேடுவது கேரியில், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் மோரிஸ்வில்லில். நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் ஓக் ட்ரீ ரோட்டில் காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு மளிகை, நகை, சேலை, சாப்பாடு எல்லாவற்றையும் நடந்தே முடிக்கலாம். இங்கே அப்படி ஒரு தெரு கிடையாது. கடைகள் ஸ்ட்ரிப் மால்களில், அதாவது சாலையோர வரிசைக் கடை வளாகங்களில், சிதறிக் கிடக்கின்றன. கோயில் ஒரு மூலை, தமிழ்ப் பள்ளி ஒரு மூலை, கிரிக்கெட் மைதானம் ஒரு மூலை. கார் இருந்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். கார் ஓட்டத் தெரியாதவருக்கு எதுவுமே பக்கத்தில் இல்லை. ஆகவே எதை எதோடு ஒப்பிட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டில் யார் யார் கார் ஓட்டுகிறார்கள் என்பதைத்தான்.

மளிகை: இந்தியக் கடை, காஸ்ட்கோ, ஹெச் மார்ட்

ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கப் பார்த்தால் காசும் வீண், சாமானும் வீண். படேல் பிரதர்ஸ் மாதிரியான இந்தியக் கடைக்குப் போவது அரிசி, பருப்பு, புளி, நல்லெண்ணெய், ஃப்ரீசர் பெட்டியில் இருக்கும் துருவிய தேங்காய், முருங்கைக்காய் ஆகியவற்றுக்காக. இட்லி அரிசியும் பொன்னி புழுங்கலும் வேறெங்கும் நம்பி வாங்க முடியாது. உளுந்து வாங்கும்போது பையைத் திருப்பி பேக் செய்த தேதியைப் பாருங்கள். பழைய உளுந்து எத்தனை நேரம் அரைத்தாலும் பொங்காது; இட்லி கல்லாகிவிட்டால் பழி மாவரைத்தவர் மேல் விழும். உடைத்ததைவிடத் தோல் நீக்கிய முழு உளுந்துதான் நன்றாக உபரி காணும். இருபது பவுண்டு அரிசி மூட்டையை வாங்கினால் பிரித்துக் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, பிறகு டப்பாவில் கொட்டுங்கள். வண்டு முட்டை செத்துவிடும். வெயில் காலத்தில் இதைச் செய்யாமல் விட்டால் பருப்பு டப்பாக்களுக்கும் வண்டு பரவிவிடும்.

மொத்தமாக விற்கும் காஸ்ட்கோவில் பாசுமதி, பாதாம், முந்திரி, பால், உப்பில்லா வெண்ணெய். உப்பில்லா வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம். ஒரு பவுண்டை உருக்கினால் சுமார் 350 கிராம் நெய் தேறும். வாங்கும் நெய்யைவிட வாசனையும் கூடுதல். ஆனால் இரண்டு பேர் வீட்டுக்கு அங்கே வெங்காய மூட்டை வாங்க வேண்டாம். மூன்றாவது வாரம் முளை விட்டுவிடும்.

மீனுக்கு கொரியக் கடையான ஹெச் மார்ட்டோ, ஆசியக் கடையான கிராண்ட் ஏசியா மார்க்கெட்டோதான். முழு மீனைக் காட்டி, செதில் எடுத்து, குழம்புக்கு ஏற்ற தடிமனில் துண்டு போடச் சொல்லலாம். நம் வஞ்சிரத்தின் குடும்பம்தான் ஸ்பானிஷ் மேக்கரல், வறுவலுக்கு அருமை. கிங் மேக்கரலும் அதே குடும்பம், ஆனால் அதில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அதை வைத்திருக்கிறது. மத்தியும் நெத்திலியும் அதே அட்டவணையில் மிக நல்லவை வரிசையில் இருக்கின்றன. ஆட்டுக்கறிக்கு ஹலால் கடை. உறைந்த கறியை ரம்பத்தில் அறுத்தால் எலும்புத் தூள் ஒட்டியிருக்கும். இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசாவிட்டால் குழம்பில் பல்லில் நறநறவென்று மாட்டும்.

கறிவேப்பிலை தனிக்கதை. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதுதான் காரணம். கடையில் வாங்கும் கொத்தைக் கழுவாமல், இலையை உருவி, பேப்பர் டவலில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். கழுவி ஈரத்தோடு வைத்தால் நான்கே நாளில் கறுத்துவிடும். மிச்சத்தை ஃப்ரீசரில் போடலாம். ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை நேராகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் வெடித்துத் தெறிக்கும். அடுப்பைத் தணித்துவிட்டுப் போடுங்கள். தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் முதல் உறைபனிக்கு முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். ஓரிரவு வெளியே நின்றாலும் இலை எல்லாம் கொட்டிவிடும்.

மாவு: வாங்குவதா, அரைப்பதா?

இந்தியக் கடைகளில் இட்லி மாவு டப்பாவில் கிடைக்கிறது. ஆள் ஒருவர், வாரம் ஒரு முறை தோசை என்றால் அதுவே போதும். வாங்கும்போது மூடியைப் பாருங்கள்: உப்பிப் புடைத்திருந்தால் புளித்து முடிந்த மாவு, தோசைக்கு மட்டும்தான் ஆகும். குழந்தைகள் உள்ள வீட்டில் வாரம் மூன்று முறை இட்லி, தோசை ஓடும். அங்கே அரைப்பதுதான் கட்டுப்படியாகும்.

ஊரிலிருந்து கிரைண்டரைக் கட்டி எடுத்து வராதீர்கள். அங்கே 230 வோல்ட், இங்கே 120. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுவதற்கு இங்கே விற்கும் 110 வோல்ட் பிரீத்தியோ அல்ட்ராவோ வாங்குவது மேல்.

அளவு நமக்குத் தெரிந்ததே: நான்கு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். சிக்கல் அரைப்பதில் இல்லை, புளிக்க வைப்பதில். ஜனவரியில் வீட்டு ஹீட்டர் 68 டிகிரியில், அதாவது 20 செல்சியஸில் ஓடும். அந்தக் குளிரில் மாவு எட்டு மணி நேரத்தில் அசையாது. மாவுக்கு 85 முதல் 90 ஃபாரன்ஹீட் வேண்டும். ஓவன் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை உள்ளே வைப்பது பலரும் செய்வது. பழைய குண்டு பல்பு உள்ள ஓவனில் அந்தச் சூடே போதும். புது அபார்ட்மெண்ட்களில் எல்இடி விளக்காக இருந்தால் சூடே வராது. விடிய விடிய எரிந்தாலும் மாவு அப்படியே கிடக்கும். அப்படிப்பட்ட ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பிறகு பாத்திரத்தை வையுங்கள். கதவில் "மாவு உள்ளே" என்று ஒரு சீட்டும் ஒட்டுங்கள். காலையில் வேறொருவர் எதையோ சுடுவதற்கு ஓவனைப் போட்டுவிட்டால், பிளாஸ்டிக் டப்பா உருகி மாவோடு ஓவனும் போகும்.

இன்ஸ்டன்ட் பாட் வைத்திருப்பவர்களுக்கு யோகர்ட் வசதி இருக்கிறது. எட்டிலிருந்து பத்து மணி நேரம். பாதிப் பாத்திரத்துக்கு மேல் மாவை ஊற்றாதீர்கள், பிரஷர் மூடியையும் போடாதீர்கள். மாவு பொங்கி வால்வில் ஏறிக் காய்ந்தால் மூடியைத் திறக்கவே முடியாது. சாதாரண கண்ணாடி மூடி போதும்.

சமைக்காத நாட்கள்: ஹோட்டல், டிரே, வீட்டுச் சாப்பாடு

வட கரோலினாவில் மளிகைக்கு வரி 2 சதவீதம்தான். கேரி இருக்கும் வேக் கவுண்டியில் சமைத்த உணவுக்கு 8.25. நாற்பது டாலருக்குச் சாப்பிட்டால் வரி 3.30, இருபது சதவீத டிப் 8, மொத்தம் 51.30. மளிகைக் கடைக்குள் சூடாக விற்கும் சமோசாவுக்கும் இந்த வரிதான்.

பத்துப் பேருக்கு மேல் வந்தால் டிரே கணக்குக்கு, அதாவது பெரிய அலுமினியத் தட்டில் மொத்தமாக வாங்குவதற்கு, போங்கள். அரை டிரே பிரியாணி எத்தனை பேருக்குக் காணும் என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்; கூட வேறு அயிட்டம் இருந்தால் இன்னும் சிலருக்குக் காணும். பிரியாணி மட்டும் என்றால் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு டிரேயை அரை டிரேயின் இரண்டு மடங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். சாம்பாரை டிரேயில் வாங்க வேண்டாம், காரில் சிந்தும். மூடியுள்ள டப்பாவில் கேளுங்கள்.

வீட்டில் சமைத்து டப்பா கொடுப்பவர்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் வீட்டுச் சமையலறையில் செய்து விற்கக் கூடியவை பொடி, ஊறுகாய், முறுக்கு போன்ற கெடாத பண்டங்கள்தான். அதற்கும் விவசாயத் துறையின் ஆய்வு உண்டு. வீட்டுக்குள் நாய், பூனை இருந்தால் அனுமதி கிடையாது. சோறு, சாம்பார், கறிக்குழம்பு இதில் வராது. எச்-1பி ஊழியரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில், ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாதவர்கள் காசு வாங்கிக்கொண்டு சமைத்துக் கொடுப்பது விசா விதியையே மீறுவது. அக்கம் பக்கத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து பகிர்ந்து உண்பதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை; ருசியும் அதில்தான்.

கூட்டம் வேறு, பழக்கம் வேறு

கேரியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கோயில் 2009இல் திறந்தது. அதன் 87 அடி ராஜகோபுரத்தை 2022 தீபாவளியன்று அப்போதைய மாநில ஆளுநர் ராய் கூப்பர் திறந்து வைத்தார். தரிசனத்துக்கும், கிரகப்பிரவேசத்துக்கு ஐயரை அழைப்பதற்கும், வருஷப் பிறப்பன்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போவதற்கும் இதற்கு ஈடில்லை. மோரிஸ்வில்லில் வட கரோலினா இந்து சொசைட்டியின் கோயிலும் மண்டபமும் உண்டு. வடக்கு, தெற்கு எல்லாரும் கலந்த கூட்டம். டர்ஹம் குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) ஞாயிறு லங்கர், அதாவது எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. யாரும் போய் உட்கார்ந்து சாப்பிடலாம், தலையை மூட ஒரு துணி மட்டும் எடுத்துப் போங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ராலேயின் இஸ்லாமிய சங்கப் பள்ளிவாசல் பழைய, பெரிய மையம். இவை எல்லாவற்றிலும் கூட்டம் இருக்கிறது. ஆனால் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் உங்கள் பெயர் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். இரண்டு வருஷம் வாராவாரம் போயும் ஒருவரோடும் பழகாதவர்கள் உண்டு. அதே கோயிலில் காய் நறுக்க, வண்டி நிறுத்தம் பார்க்க என்று பெயர் கொடுத்தால் இரண்டே மாதத்தில் நிலைமை மாறும். சேர்ந்து வேலை செய்யும்போதுதான் பேச்சு வளர்கிறது.

இந்தக் காரணத்தாலேயே எங்கள் தராசில் தமிழ்ப் பள்ளிக்கு முதலிடம். ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி மே மாதம் வரை, வார இறுதியில் இரண்டு மணி நேரம். பிள்ளைகள் உள்ளே "அ, ஆ" எழுதும்போது பெற்றோர் வெளியே அதே முகங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வாரமும் அதே முகங்கள். இதை எந்தத் திருவிழாவாலும் தர முடியாது. பிள்ளை இல்லாதவர்களும் ஆசிரியராகச் சேரலாம். சம்பளமில்லாத தொண்டு என்பதால் எச்-4இல் இருப்பவர்களுக்கும் தடையில்லை. பதிவு கோடையிலேயே முடிந்துவிடும், பள்ளி திறந்தபின் கேட்டால் இடம் கிடைப்பது கஷ்டம்.

கரோலினா தமிழ்ச் சங்க விழாக்கள் வருஷத்துக்குச் சில முறைதான். பார்வையாளராகப் போனால் கச்சேரி கேட்டுச் சாப்பிட்டுத் திரும்புவதோடு சரி. பிள்ளையை ஒரு நடனத்தில் சேர்த்தால் ஆறேழு வாரம் யார் வீட்டு ஹாலிலாவது ஒத்திகை நடக்கும்; உறவு முளைப்பது அங்கேதான். கோகா பூத் அரங்கில் நடக்கும் கேரி தீபாவளி கண்ணுக்கு விருந்து, ஊரிலிருந்து வந்தவர்களைக் கட்டாயம் அழைத்துப் போகலாம். பழக்கம் பிடிக்க அது ஏற்ற இடமல்ல.

தனியாக இருக்கும் இளைஞர்களுக்கு கிரிக்கெட். மோரிஸ்வில்லின் சர்ச் ஸ்ட்ரீட் பார்க் மைதானத்தில் அமெரிக்காவின் தொழில்முறை டி20 போட்டியான மேஜர் லீக் கிரிக்கெட்டின் 2023, 2024 ஆட்டங்களே நடந்திருக்கின்றன. உள்ளூர் லீக்கில் சேருமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆட்டமில்லாத வாரம் அம்பயர் வேலை உங்கள் அணி தலையில் விழுமா? விழுந்தால் சனிக்கிழமை முழுவதும் போய்விடும். வீட்டில் புதிதாக வந்த மனைவி தனியாக இருந்தால் இது சின்ன விஷயமல்ல.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இந்த வரிசை முழுவதும் மாறும். அவர்களுக்குத் தேவை, சாயங்காலம் ஐந்து மணிக்குப் படி இறங்கினால் பேச ஓர் ஆள். அதைக் கோயிலோ சங்கமோ தர முடியாது, அபார்ட்மெண்ட்தான் தரும்.

கேரியா, மோரிஸ்வில்லா?

பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் மோரிஸ்வில். நம்மவர் நெருக்கம் அங்கே அதிகம். மோரிஸ்வில் ஸ்மார்ட் ஷட்டில் என்ற இலவச வண்டி, குறித்த நிறுத்தங்களுக்கிடையே கூப்பிட்டால் வருகிறது. உங்கள் வளாகத்துக்கு நடை தூரத்தில் நிறுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வீடு, தோட்டம், இரண்டு கார் என்றால் மேற்குக் கேரி நல்லது.

பள்ளியை முகவரி வைத்துத்தான் ஒதுக்குவார்கள். சில பள்ளிகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருகிறவர்களை வேறு பள்ளிக்கு அனுப்புவதும் உண்டு. வேக் கவுண்டியில் சில பள்ளிகள் வருஷம் முழுவதும் ஓடும்: 45 நாள் பாடம், 15 நாள் விடுப்பு. அந்தப் பள்ளி விழுந்தால் கோடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போகும் திட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். பிள்ளையின் விடுப்பு, தோழியின் விடுப்போடு சேராமலும் போகலாம். முகவரியைக் கொடுத்து இதைப் பள்ளி மாவட்ட இணையதளத்தில் பார்த்துவிட்டே வீட்டை முடிவு செய்யுங்கள்.

லீஸில் கையெழுத்துப் போடுமுன் ஒரு ஞாயிறு சாயங்காலம் அந்த வளாகத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். விளையாட்டுத் திடல் பெஞ்சில் பாட்டிமார் உட்கார்ந்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு உள்ளே போய் அடுப்புக்கு மேலுள்ள மின்விசிறியைப் போட்டு, அதன் முன் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் அது புகையை வெளியே தள்ளாமல் அறைக்குள்ளேயே சுற்றவிடுகிறது. முதல் தாளிப்பிலேயே அலாரம் அலறும். வெளிச்சுவர் வழியாகப் போகும் குழாய் உள்ள வீடு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.