19 கிலோ நீல சிலிண்டர்: காரைக்குடி மெஸ்ஸுக்குக் கட்டுப்படியாகுமா?

வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஊற்றும் சட்டிக்கு, கடைகளுக்கான இந்தச் சமையல் எரிவாயு சிலிண்டரைவிட நல்ல எரிபொருள் கிடையாது. எண்ணெய்ச் சூடு ஒரே அளவில் நிற்கும், பணியாரம் சிவந்து போகாது. அந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. விலையைப் பார்த்தால் ஐந்துக்கு இரண்டு.

அண்டா வைக்கும் ஹைபிரஷர் பர்னரை ஒற்றை சிலிண்டரில் ஓட்டினால் அடிப்பக்கம் பனி பூக்கும். உள்ளே திரவம் ஆவியாவதைவிட பர்னர் வேகமாக இழுப்பதுதான் காரணம். தீ தணிந்ததும் காலி என்று கழற்றுகிறார்கள். ஆட்டினால் இரண்டு கிலோ சளசளக்கும். ஐப்பசி மழையில் இன்னும் மோசம். வெந்நீர் ஊற்றவே கூடாது. இரண்டு சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் பொதுக் குழாயில், இணைத்தால் சரியாகும். இறக்கும்போதே தராசில் வையுங்கள். பொறித்திருக்கும் வெற்று எடை போக 19 இருக்க வேண்டும்.

விலை ஏஜென்சிக்காரர் கையில் இல்லை. நம் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. பெரும்பாலும் பாரசீக வளைகுடாவின் வாசலான ஹார்முஸ் நீரிணை வழியே வந்து பழக்கம். அளவுகோல், சவுதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதாமாதம் சொல்லும் விலை. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த 2022-இல், ஏப்ரல் மாதத்துக்கு, சிலிண்டருக்குள் கலந்திருக்கும் இரண்டு வாயுக்களில் புரொபேன் டன் 940 டாலர், பியூட்டேன் 960. மே மாதம் டெல்லியில் இந்த சிலிண்டர் 2,355.50 ரூபாய். நம் சிலிண்டருக்குள் இருப்பது ரஷ்யச் சரக்கு இல்லைதான். ஆனால் ஐரோப்பா ரஷ்யாவை விட்டு வேறு கடைகளில் வரிசை கட்டியதும் எல்லாக் கடையிலும் ஏறியது. வீட்டு சிலிண்டரை அரசு கொஞ்சம் தாங்கும், வரியும் 5 சதவீதம். இதற்குத் தாங்கல் இல்லை, ஜிஎஸ்டி 18.

2025 ஏப்ரலில் சீனா அமெரிக்கப் பொருட்களுக்கு 125 சதவீத வரி போட்டதும், அமெரிக்கப் புரொபேனை நம்பிய சீன பிளாஸ்டிக் ஆலைகள் வளைகுடாச் சரக்குக்குப் பாய்ந்தன. அமெரிக்கக் கப்பல்கள் மற்ற ஆசியத் துறைமுகங்களைத் தேடின. அந்த நவம்பரில் நம் பொதுத்துறை நிறுவனங்கள் 2026-க்கு 22 லட்சம் டன் அமெரிக்கச் சரக்குக்கு ஒப்பந்தம் போட்டன. ஆண்டு இறக்குமதியில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

எங்கோ நடக்கும் சண்டைக்கும் வரிக்கும் இந்த விலை ஆடும். ஆகவே பின்கட்டு விறகடுப்பை இடிக்காதீர்கள். எரிவாயு கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி, காய்ந்த சீமைக் கருவேலம் 4,000-ஐ ஒட்டி. எரிவாயு அடுப்பில் அந்தச் சூட்டில் பத்தில் ஆறு பங்கு பாத்திரத்துக்குச் சேரும் என்று வைத்தால், பழைய மண் அடுப்பில் ஏழில் ஒரு பங்குதான் சேரும். ஒரு சிலிண்டர் வேலைக்கு 220 கிலோ விறகு போகும். இரும்புச் சல்லடையும் புகைக்கூண்டும் வைத்த அடுப்பில் ஏறக்குறைய பாதி போதும். சோறும் கறிக்குழம்பும் அங்கே, எண்ணெய்ச் சட்டி இங்கே.

விலை மாறுவது 1-ஆம் தேதி. ஏறும் என்று தெரிந்தால் 28-க்குள் புக் செய்யுங்கள். ஆனால் உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது. ஐந்து சிலிண்டரோடு நிறுத்துங்கள்.