பெரியப்பா வீடா, பிரெஞ்சுக் குடும்பமா, மாணவர் விடுதியா?

பிரான்ஸில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே புதுச்சேரி வீடுகளில் "பிள்ளை எங்கே தங்குறது?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். கடலூர், நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் விடுதி அல்லது வாடகை அறையைத்தான் யோசிப்பார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு. 1962-63இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். ஆகவே யாருக்காவது அங்கே ஒரு பெரியப்பாவோ சித்தியோ இருப்பார்கள்.

நான் முதலில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்கிவிட்டு, பிறகு விடுதிக்கு மாறினேன். மொழி இன்னும் நாக்கில் ஏறாத பிள்ளைக்கு முதல் அரை வருடம் பிரெஞ்சுக் குடும்பம்தான் நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சொந்தக்காரர் வீட்டின் அருமை சாதாரணமானதல்ல. விமான நிலையத்துக்கு ஆள் வரும், இரவு ரசம் சோறு இருக்கும், அம்மா இங்கே நிம்மதியாகத் தூங்குவார். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான் ஓடும். பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்துச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகூட, வகுப்பில் பேராசிரியர் வேகமாகப் பேசும்போது திணறும். அந்தத் திணறல் சாயங்காலப் பேச்சில்தான் தீரும். அப்புறம், அந்த வீடு பெரும்பாலும் புறநகரில் இருக்கும், தினமும் ரயிலில் போய்வர நேரம் போகும். பெரியப்பா வாடகை வாங்க மாட்டார். அதனாலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, விசேஷங்களுக்குப் போவது எல்லாம் தானாக உங்கள் தலையில் விழும். பரீட்சை வாரம் என்று சொல்லி மறுக்க வாய் வராது. பாசத்தோடு செய்வதுதான், ஆனாலும் அதுவும் ஒரு வாடகைதான்.

பிரெஞ்சுக் குடும்பத்தில் முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். கஷ்டம் பெரிய விஷயங்களில் இல்லை. பல வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது, தொட்டிக்குள் நின்று குளித்துத் தரையைக் காயவைத்து வர வேண்டும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடு 19 டிகிரி போதும் என்பது அங்கே விதி, வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர் போட்டுத்தான் இருப்பார்கள். காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி, அவ்வளவுதான். சைவம் என்றால் முதல் நாளே விளக்கமாகச் சொல்லிவிடுங்கள். மீனைச் சைவத்தில் சேர்ப்பவர்கள் உண்டு, சூப்பில் கறிச்சாறு இருக்கலாம், லார்தோன் எனப்படும் பன்றிக்கறித் துண்டுகள் எதிர்பாராத உணவிலெல்லாம் வரும். சமையலறையில் தாளிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கருவாட்டை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

உண்மையான விஷயம் இரவுச் சாப்பாடு. ஏழரை, எட்டு மணிக்கு எல்லோரும் மேசையில் உட்காருவார்கள். வரமாட்டீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிந்தி வந்து மூடிவைத்ததை எடுத்துச் சாப்பிடும் பழக்கம் அங்கே மரியாதைக் குறைவு. உட்கார்ந்தால் சாலட், முக்கிய உணவு, சீஸ், பழம் என்று வரிசையாக வரும். ஒரு மணி நேரம் எளிதாகப் போகும், அவ்வளவு நேரமும் பேச்சுதான். செய்தி, தேர்தல், பள்ளிக்கூடம் என்று எதைப் பற்றியும் எதிர்வாதம் செய்வார்கள். கேட்க சண்டை மாதிரி இருக்கும், சண்டை இல்லை. பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்காமல் இருப்பது நம் வீட்டில் அடக்கம். அந்த மேசையில் அதையே செய்தால் உங்களுக்கு அவர்கள்மேல் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தப்பும் தவறுமாகவாவது பேச வேண்டும். வீட்டுக்காரம்மா உச்சரிப்பைத் திருத்துவார், மறுபடி சொல்லச் சொல்வார். எந்த வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி இது, என் பிரெஞ்சு அந்த மேசையில்தான் வளர்ந்தது. சாப்பிட்டதும் அறைக்குள் புகுந்து ஊருக்கு வீடியோ கால் போட்டால் இதெல்லாம் வீணாகிவிடும்.

பிரெஞ்சுக் குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம் அதிகம் என்று தயங்குபவர்களுக்கு இன்னொரு வகை இருக்கிறது. ஏலான் எனப்படும் 2018ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, 60 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை 30 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தரலாம். பதிலுக்குத் துணையாக இருப்பது, சின்னச் சின்ன உதவிகள் செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். பாட்டியோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வரும்.

விடுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குரூஸ் எனப்படும் அரசு மாணவர் நல அமைப்பின் விடுதி அறை பல இடங்களில் 9 சதுர மீட்டர்தான், பொதுச் சமையலறை, வாடகை மலிவு. உதவித்தொகை பெறுபவர்களுக்கு முன்னுரிமை என்பதால் சொந்தச் செலவில் போகிறவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். சுதந்திரம் நிறைய உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரெஞ்சு மாணவர்கள் பலர் பெட்டியோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மீதி இருப்பவர்களில் நம் ஊர்க்காரர்கள் தனியாக ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். மொழி ஓரளவு வந்த பிறகு, இரண்டாம் ஆண்டில், இது நல்ல இடம். தனியார் அறை எடுத்தால் வாடகைக்குப் பிணை கேட்பார்கள், பெரியப்பாவைத்தான் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும் என்றில்லை. 18 முதல் 30 வயதுள்ளவர்களுக்கு விசால் என்ற திட்டம் இலவசமாகவே பிணை தருகிறது.

ஆக, முதலில் பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுவதுதான் என் சிபாரிசு. அதைப் பெரியப்பாவிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மனம் வருத்தப்படும்.

குடும்பம் முடிவானதும் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை இரவுச் சாப்பாடு, துணி துவைக்கும் இயந்திரம், சமையலறை நேரம், நண்பர்கள் வரலாமா. நீங்கள் அங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற சான்றுக் கடிதம், அவர்களின் அடையாள அட்டை நகல், மின்கட்டண ரசீது ஆகிய மூன்றும் வங்கிக் கணக்கு திறக்கத் தேவைப்படும். ஒத்துவராவிட்டால் கிளம்ப எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஏலான் சட்ட ஒப்பந்தத்துக்கு அது ஒரு மாதம்.