‘பெய்ன் ரிமெய்ன்ஸ்’: எட்டாம் பாடலிலிருந்து கேட்க வேண்டிய இசைத்தொகுப்பு

அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த லோர்னா ஷோர் குழு 2022 அக்டோபர் 14 அன்று வெளியிட்ட ‘பெய்ன் ரிமெய்ன்ஸ்’ இசைத்தொகுப்பைப் பற்றி, கோலாலம்பூரில் மெட்டல் எனும் கனத்த ராக் இசை கேட்கும் தமிழ் இளைஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மெட்டலின் கடும் வகைகளில் ஒன்றான டெத்கோர் தொட்ட உச்சம் இதுவே என்கிறது ஒரு தரப்பு. பத்துப் பாடல்களிலும் ஒரே உத்திதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று அலுத்துக்கொள்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் பெரும்பாலும் முதல் ஏழு பாடல்களை வைத்தே வாதாடுகின்றன என்பதுதான் என் குறை.

இதற்குக் காரணம் உண்டு. 2021-இல் வந்த ‘டு தி ஹெல்ஃபயர்’ பாடலின் இறுதியில் பாடகர் வில் ராமோஸ் எழுப்பிய மிருகக் குரல் துண்டுக் காணொளிகளாகப் பரவியதால்தான் நம்மில் பலர் இக்குழுவை அறிந்தோம். அப்படி வந்தவர்கள் இத்தொகுப்பிலும் அந்தக் குரலையே தேடுகிறார்கள். ‘ராத்’ பாடலின் முடிவில் அது அவர்களுக்குக் கிடைத்தும் விடுகிறது. அது கணினி வித்தை என்று சந்தேகிப்பவர்கள், ராமோஸ் பாடும்போது அவருடைய தொண்டைக்குள் கேமராவைச் செலுத்தி எடுத்த காணொளியைத் தேடிப் பார்க்கலாம்.

பாடலின் வேகம் சட்டென்று தளர்ந்து கனத்த தாளத்தில் விழும் பிரேக்டவுன் என்பதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குபவர்களுக்கு நம் ஊர் உதாரணமே போதும். பத்துமலையில் காவடிக்கு முன்னே செல்லும் உறுமி மேளக்காரர்கள் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தி, கனத்த நடையில் மீண்டும் தொடங்கும்போது ஆடுபவரின் உடல் எப்படித் தானாக அசைகிறதோ, ஆஸ்டின் ஆர்ச்சியின் டிரம்ஸும் கேட்பவரிடம் அதையே செய்கிறது. ஆனால் இந்த உத்தியை ஏறக்குறைய எல்லாப் பாடல்களிலும் ஒரே இடத்தில் வைத்திருப்பதால், ‘சோல்லெஸ் எக்சிஸ்டென்ஸ்’ வருவதற்குள் அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அலுத்துக்கொள்பவர்கள் பக்கம் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஒலிக்கலவையைப் பற்றிய புகாரும் சரியானதே. தந்திக் கருவிகளும் சேர்ந்திசைக் குரல்களும் இரண்டு கிட்டார்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிப்பதால் மைக்கேல் யேகரின் பேஸ் கிட்டார் பல இடங்களில் தனியாகக் கேட்பதில்லை. எல்.ஆர்.டி. நகர ரயிலின் இரைச்சலுக்கு நடுவே மலிவான இயர்போனில் கேட்டால் எல்லாம் ஒரே சுவராகத்தான் ஒலிக்கும். வீட்டில் நல்ல ஹெட்போனில் கேட்கும்போது ஆடம் டி மிக்கோவின் கிட்டார் இழைகள் ஓரளவு பிரிந்து தெரிகின்றன. பேஸுக்கு அப்போதும் விமோசனம் இல்லை.

தொகுப்பின் உண்மையான கனம் கடைசி மூன்று பாடல்களில் இருக்கிறது. இது கனவுதான் என்ற உணர்வோடே கனவு காணும் ஒருவன், அக்கனவுலகில் எல்லாம் வல்லவனாகி, அதிலும் பொருள் காணாமல் வெறுமையை அடைவது தொகுப்பின் கதை. அதன் முடிவில் ‘பெய்ன் ரிமெய்ன்ஸ்’ என்ற பெயரில் ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் மூன்று பகுதிகளும் அதிகாரத்தை விட்டுவிட்டு இழப்பைப் பேசுகின்றன. முதல் பகுதியான ‘டான்சிங் லைக் ஃப்ளேம்ஸ்’ மெலிதாகத் தொடங்கி, இவ்வகை இசையில் எளிதில் கிடைக்காத, மனத்தில் தங்கும் மெட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் பகுதியில் ராமோஸின் அலறலுக்குள் அழுகை கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதுவரை தன் தொண்டையின் வலிமையைக் காட்டிவந்தவர் இங்கே அதை மறந்துவிட்டுப் பாடுகிறார். இதைத் துண்டுக் காணொளியில் வெட்டிக் காட்ட முடியாது.

2001-இல் மெட்டலின் இருண்ட கிளையான பிளாக் மெட்டல் மீது நம் நாட்டில் எழுந்த கெடுபிடியை மறக்காத பெற்றோர், பிள்ளையின் கறுப்புச் சட்டையைக் கண்டதும் சாத்தான் வழிபாடோ என்று இன்றும் கலங்குவதுண்டு. இந்த மூன்று பாடல்களின் வரிகளை அவர்களிடம் படித்துக் காட்டினால் ஒப்பாரியைத்தான் அடையாளம் காண்பார்கள்.

புதிதாகக் கேட்க விரும்புவோர் எட்டாம் பாடலிலிருந்து தொடங்கி, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் முடிவுவரை கேட்டுவிட்டு, ‘கர்ஸ்ட் டு டை’ பாடலுக்குத் திரும்பலாம். ‘ராத்’ பாடலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.