பென்சில் ஐகானை எவ்வளவு நம்பலாம்? பம்ப் கம்பெனி வெப்சைட்டில் டபிள்யூபிஎம்எல், சில வருட அனுபவம்

கோவை கணபதி பக்கம் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனியின் வெப்சைட்டை ஊரடங்குக் காலத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். மூலம் ஆங்கிலம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் மொழிபெயர்ப்புகள். வேர்ட்பிரஸ், அதன்மேல் ஒரே வெப்சைட்டைப் பல மொழியில் நடத்த உதவும் டபிள்யூபிஎம்எல் பிளகின். இந்தப் பிளகினைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் விமர்சனங்களில் பாதி, இன்ஸ்டால் செய்த சூட்டோடு எழுதியவை. வருடக்கணக்கில் ஓட்டும்போது தலைவலி தருவது இன்ஸ்டாலேஷன் இல்லை, மொழிபெயர்ப்பு நிலை. எந்தப் பக்கம் முடிந்தது, எது பாக்கி, எது பழசாகிவிட்டது என்று காட்டும் குட்டி ஐகான்களைத்தான் சொல்கிறேன்.

முக்கியமான ஐகான்கள் நான்கு. கூட்டல் குறி இருந்தால் மொழிபெயர்ப்பே இல்லை. பற்சக்கரம் என்றால் வேலை நடக்கிறது. பென்சில் என்றால் முடிந்தது. வட்டமடிக்கும் அம்பு என்றால் மூலம் மாறிவிட்டது, மொழிபெயர்ப்பையும் திருத்த வேண்டும். புதிதாக வருபவர்கள் அம்பைப் பார்த்துத்தான் பதறுவார்கள். நான் பதறுவது பென்சிலைப் பார்த்து. அம்பு பொய் சொன்னால் அரை மணி நேரம் வீண். பென்சில் பொய் சொன்னால் டீலர் கடையில் சண்டை.

பிளகின் இதை எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தலைப்பு, உள்ளடக்கம், வகைப்பாடுகள், ‘மொழிபெயர்க்கவும்’ என்று குறித்த தனிப் புலங்கள் (கஸ்டம் ஃபீல்டு, பக்கத்தோடு தனியாகச் சேமிக்கும் விவரக் கட்டங்கள்) எல்லாவற்றையும் சேர்த்து எம்டி5 முறையில் 32 எழுத்துள்ள ஒரு கைரேகை எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை மூலத்தைச் சேமிக்கும்போது புதுக் கைரேகை எடுத்துப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அம்பு வரும். மொழிபெயர்ப்பு சரியா தப்பா, ஆள் படித்தாரா இல்லையா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் கிடையாது.

எங்களுக்கு வந்த பெரிய வில்லங்கம் இதில்தான். ஒரு நீர்மூழ்கி மாடலின் ஹெட்டை, அதாவது பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரத்தை, மறுபரிசோதனைக்குப் பிறகு 60 மீட்டரிலிருந்து 54 மீட்டராகக் குறைத்தார்கள். ஆங்கிலப் பக்கத்தில் மாற்றியாயிற்று. பட்டியலில் நான்கு மொழிக்கும் பென்சில், எல்லாம் சுத்தம். கொஞ்ச நாள் கழித்து முதலாளி போன் செய்தார்: “ஏனுங்க தம்பி, ஹெட்டு மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே, சாம்ராஜ்நகர் டீலரு பழைய நம்பரையே காட்டி வித்துட்டு இருக்காருங்க.” கன்னடப் பக்கத்தைத் திறந்தால் 60 அப்படியே இருந்தது. தமிழிலும் 60தான். 54 மீட்டர் என்பது சுமார் 177 அடி. 190 அடியில் தண்ணீர் நிற்கும் போர்வெல்லுக்கு அந்தப் பம்பை இறக்கினால் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டு விவசாயிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

காரணம் தேட வேண்டிய இடம் செட்டிங்ஸ். ஒவ்வொரு தனிப் புலத்துக்கும் நான்கு தேர்வுகள் உண்டு: மொழிபெயர்க்காதே, நகலெடு, ஒருமுறை மட்டும் நகலெடு, மொழிபெயர். எனக்கு முன்னால் இந்த வெப்சைட்டைக் கட்டியவர் ஹெட், டிஸ்சார்ஜ் (வெளியேற்றும் நீரின் அளவு), எச்.பி. எல்லாவற்றுக்கும் ‘ஒருமுறை மட்டும் நகலெடு’ என்று வைத்திருந்தார். மொழிபெயர்ப்பு உருவாகும்போது எண் ஒரு தடவை போய்ச் சேரும், அத்தோடு உறவு முடிந்தது. கைரேகையிலும் அந்தப் புலம் சேராததால் அம்பும் வராது. எண்களுக்கு ‘நகலெடு’ தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. மாற்றிய பிறகு ஒவ்வொரு ஆங்கிலப் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து சேமிக்க வேண்டும். மூலத்தைச் சேமிக்கும்போதுதான் நகல் போகும்.

பென்சில் பொய் சொல்லும் இன்னொரு வழி, டேட்டாபேஸில் நேரடியாகத் தேடி மாற்றுவது. கஸ்டமர் கேர் எண் மாறியபோது ஒரே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) வரியில் எல்லாப் பக்கத்திலும் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாற்றலாம், மாறவும் செய்யும். ஆனால் அது வேர்ட்பிரஸின் ‘சேமி’ வழியாக நடப்பதில்லை, அதனால் பிளகினுக்குச் சேதியே போகாது. எண் மட்டும் என்றால் பரவாயில்லை. வாக்கியத்தையே அப்படி மாற்றினால் ஆங்கிலம் ஒன்று சொல்லும், இந்தி வேறொன்று சொல்லும், ஐகானோ பென்சிலையே காட்டிக்கொண்டிருக்கும்.

அம்பின் பொய்கள் இவ்வளவு மோசமில்லை. ஒரு கமாவை நகர்த்தினாலும் வரும், புது வகைப்பாடு ஒன்றைச் சேர்த்தாலும் வரும். சின்னத் திருத்தம் என்றால், மொழிபெயர்ப்பைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டுச் சேமியுங்கள். அவ்வளவுதான்.

பற்சக்கரம் நின்றுபோவது தனிக் கதை. கன்னடம் பார்ப்பவர் தாளவாடிக்கார அக்கா ஒருவர். “நான் போன வாரமே முடிச்சுட்டேனுங்களே” என்று வாட்ஸ்அப் செய்வார். இங்கே பற்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதில் அவர் தப்பு எதுவுமில்லை. அவர் வேலை செய்யும் மேம்பட்ட மொழிபெயர்ப்பு எடிட்டர் நம் ஹோஸ்டிங்கில் ஓடுவதில்லை, டபிள்யூபிஎம்எல்லின் சர்வரில் ஓடுகிறது. முடித்த வேலை அங்கிருந்து நம் வெப்சைட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ, அதாவது வெளி சர்வர்கள் வெப்சைட்டோடு பேசும் வாசல், திறந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்கென்று போடும் பிளகின்கள் சில அதை அடைத்துவிடுகின்றன. எங்களுக்கும் அப்படித்தான். அனுமதி கொடுத்ததும் தேங்கி நின்ற பக்கங்கள் வந்து சேர்ந்தன.

இதேபோல் தேங்க இன்னொரு காரணம், ஸ்டேஜிங் நகல். ஹோஸ்டிங் மாற்றும்போதோ சோதனைக்கென்றோ வெப்சைட்டை அப்படியே இன்னொரு முகவரிக்குப் பிரதி எடுத்தால், இது இடம் மாறிய வெப்சைட்டா அல்லது நகலா என்று எடிட்டர் கேட்கும். அந்தக் கேள்வியைப் பலர் ஏதோ விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். நகல் என்றால் நகல் என்றே பதில் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த வேலை எந்த வெப்சைட்டுக்குச் சொந்தம் என்பதே குழம்பிப்போகும்.

எடிட்டர் விஷயத்தில் அக்காவிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறேன்: எதைத் திருத்துவதானாலும் அந்த எடிட்டரிலேயே திருத்துங்கள், வேர்ட்பிரஸ் பக்கத்தைத் திறந்து நேராகக் கை வைக்காதீர்கள். அப்படிக் கை வைத்தால் அடுத்த தடவை எடிட்டரிலிருந்து வரும் பதிப்பு அதன்மேல் எழுதிவிடும், திருத்தம் காணாமல் போகும். கம்பெனி ஆபீஸில் இருப்பவர்கள்தான் இதை மறந்துவிடுவார்கள். அவசரத்தில் யாரோ ஒரு வார்த்தையை மாற்றுவார்கள், ஒரு மாதம் கழித்து ‘பழைய வார்த்தை திரும்ப வந்துடுச்சு’ என்பார்கள்.

இனி, பார்க்க மொழிபெயர்ப்புப் பிரச்சினைபோல இருந்து, உண்மையில் அது இல்லாதவை. முதலாவது கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்கத்தின் பழைய நகல். அட்மினில் சரியாகத் தெரியும், டீலர் போனில் பழசு தெரியும். ஆங்கிலப் பக்கத்தைச் சேமித்தால் அதன் கேஷ் மட்டும் துடைக்கப்பட்டு, மற்ற மொழி முகவரிகளின் கேஷ் அப்படியே நிற்பது உண்டு. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு எழுத்தைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் புதுப் பக்கம் வந்துவிடும். அப்படி வந்தால் மொழிபெயர்ப்பை நோண்ட வேண்டாம், கேஷைக் காலி செய்தால் போதும்.

இரண்டாவது, தமிழுக்கென்றே வரும் ஒரு சிக்கல். இதை எந்த உதவிப் பக்கத்திலும் தமிழருக்குப் புரிகிற மாதிரி பார்த்ததில்லை. வேர்ட்பிரஸில் பக்க முகவரியின் நீளம் 200 இடங்கள்தான். தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட். முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம் எடுக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘கோயம்புத்தூர்’ என்ற ஒரே சொல் 13 குறிகளைத் தின்றுவிடும். மொத்தமே 22 குறிதான் கொள்ளும். ‘நீர்மூழ்கி மோட்டார் மூன்று ஃபேஸ் 5 எச்பி’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘நீர்மூழ்கி-மோட்டார்-மூன்’ என்று அறுந்து நிற்கும். 7.5 எச்பி பக்கமும் அதே இடத்தில்தான் அறும், அதனால் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். அடுத்ததுக்கு 3. எது எந்த மோட்டார் என்று லிங்க்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. டீலர்கள் வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்பிவிட்டு, ‘தமிழ்ல வேற மோட்டார் வருதுங்க’ என்று புகார் சொன்னார்கள். செட்டிங்ஸில், மொழி இப்படி நீளும் எழுத்தில் இருந்தால் மூல மொழியின் முகவரியையே எடுத்துக்கொள் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டோம். இனி உருவாக்கும் பக்கங்களுக்கு அது போதும். பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக மாற்றித் திருப்பிவிட்டது தனி உழைப்பு.

எல்லாம் பார்த்தும் புரியவில்லை என்றால் டேட்டாபேஸைத் திறந்து பார்க்கலாம். ஐசிஎல் என்று தொடங்கும் அட்டவணைகள் இதற்கானவை. எந்தப் பக்கம் எதன் மொழிபெயர்ப்பு என்பது ஒன்றில் இருக்கும், நிலை இன்னொன்றில். அங்கே 10 என்றால் முடிந்தது, 2 என்றால் நடக்கிறது. புதுப்பிக்க வேண்டுமா என்பதற்குத் தனி நெடுவரிசையில் 0 அல்லது 1. படிக்க மட்டும் பாருங்கள், கையால் எதையும் மாற்றாதீர்கள். மாற்றுவதற்கு சப்போர்ட் பக்கத்துக்குள் ‘டிரபிள்ஷூட்டிங்’ என்று ஒரு திரை இருக்கிறது. கேஷை அழிப்பது, மொழித் தகவல் இல்லாத பக்கங்களுக்குத் தகவல் கொடுப்பது, பக்கம் இல்லாமல் அட்டவணையில் மட்டும் நிற்கும் வரிகளை நீக்குவது எல்லாம் அங்கே பட்டன்களாக உண்டு. கேஷ் பட்டனைத் தாராளமாக அழுத்தலாம். மற்றவற்றுக்கு முன்னால் பேக்கப் கட்டாயம்.

சரி, வாங்கலாமா? பொருள் பட்டியலும் விவரக்குறிப்பும் அடிக்கடி மாறும் கம்பெனி என்றால் வாங்கலாம். மூலம் மாறியது என்று சொல்ல ஏதோ ஒன்று இருப்பது, நான்கு மொழியையும் எக்ஸலில் துரத்துவதைவிட எவ்வளவோ மேல். சந்தா வருடாவருடம். புதுப்பிக்காவிட்டாலும் பிளகின் ஓடும், அப்டேட்டும் சப்போர்ட்டும் நின்றுவிடும். பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இரண்டு மொழியில் வெப்சைட் என்றால் பாலிலாங் என்ற இன்னொரு பிளகினின் இலவசப் பதிப்பே தாராளம். அதில் அம்பு கிடையாது, கூட்டலும் பென்சிலும் மட்டும்தான். வாடகை மாறினால் இரண்டு பக்கத்தையும் நீங்களே திறந்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.