இன் யூட்டரோ: ஓர் அறையின் ஒலி

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைக் கேட்க உட்காருபவர் இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்கலாம். ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ பாட்டின் முதல் சில நொடிகளில் டேவ் க்ரோலின் டிரம்ஸ் மட்டும்தான். ஸ்னேர் டிரம்மில் அடி விழுந்ததும் சத்தம் அறுந்துவிடுவதில்லை. சுவரில் மோதித் திரும்பி வருகிறது. கூரை உயரமா தாழ்வா, தரையில் மரமா கம்பளமா என்று ஊகித்துவிடலாம். இந்த ஆல்பத்தின் நல்லது கெட்டது எல்லாமே அந்த அறையிலிருந்து வருபவை. 1993இல் இதைச் சுற்றி நடந்த சண்டையும் கடைசியில் அதைப் பற்றியதுதான்: பாடுகிறவர் அந்த அறைக்குள் நிற்க வேண்டுமா, அல்லது வெளியே வந்து கேட்பவரின் காதருகே நிற்க வேண்டுமா?

முந்தைய ஆல்பமான ‘நெவர்மைண்ட்’ இரண்டாவது வழியில் போனது. 1991இல் புட்ச் விக் ஒலிப்பதிவு செய்தார், ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்தார், அதாவது தனித்தனிப் பதிவுகளைக் கலந்து ஒன்றாக்கினார். பாடகர் கர்ட் கோபேனின் குரல் பல இடங்களில் இரண்டு முறை பாடப்பட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. டிரம்ஸின் ரிவர்புக்கு (எதிரொலி நீட்சிக்கு) முன்பே பதிவான ஒலித்துண்டுகளான சாம்பிள்களின் துணையும் இருந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனைக் கீழே தள்ளி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வழுவழுப்பு தனக்குப் பிடிக்கவில்லை என்று கோபேன் பிறகு பல பேட்டிகளில் சொன்னார். அடுத்ததற்கு ஒலிப்பதிவுப் பொறியாளர் ஸ்டீவ் அல்பினியைத் தேடிப் போனது இதனால்தான். பிக்ஸீஸின் ‘சர்ஃபர் ரோசா’, ப்ரீடர்ஸின் ‘பாட்’ இரண்டும் அல்பினி பதிவு செய்தவை, இரண்டுமே கோபேனுக்கு மிகப் பிடித்தவை.

அல்பினி ‘தயாரிப்பாளர்’ என்ற பட்டத்தை ஏற்காதவர். வேலைக்கு முன் குழுவுக்கு அவர் எழுதிய நான்கு பக்கக் கடிதம் ஒலிப்பதிவுத் துறையில் இன்றும் சுற்றிவருகிறது. ராயல்டி வேண்டாம், குழாய் வேலைக்காரருக்குத் தருவதுபோல் வேலைக்கான கூலியைக் கொடுங்கள் என்பது அதன் சாரம். ஆல்பம் எத்தனை லட்சம் விற்றாலும் தனக்கு அதில் பங்கு கூடாது, அது குழுவின் பணம் என்றார். அவர் பெற்ற மொத்தக் கூலி 1,00,000 டாலர். ஸ்டுடியோ வாடகை சுமார் 24,000 டாலர். ‘நெவர்மைண்ட்’ விற்ற விற்பனைக்குப் பிறகு இந்தத் தொகை லேபிளுக்கு, அதாவது ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்துக்கு, ஒரு பொருட்டே அல்ல.

இடம் மின்னசோட்டா மாநிலத்தில், கேனன் ஃபால்ஸ் ஊரின் காட்டுக்குள் இருக்கும் பேக்கிடெர்ம் ஸ்டுடியோ. 1993 பிப்ரவரியில், ‘சைமன் ரிட்சி ப்ளூகிராஸ் என்சம்பிள்’ என்ற பொய்ப் பெயரில் பதிவு செய்துகொண்டு போனார்கள். சைமன் ரிட்சி என்பது செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸுடைய இயற்பெயர். மரச் சுவர்களும் பெரிய கண்ணாடி ஜன்னல்களும் கொண்ட அறை, நீவ் 8068 கன்சோல் (ஒலிக்கலவை மேசை), இரண்டங்குல நாடாவில் 24 டிராக். பி.ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’யை அல்பினி அதே இடத்தில் சில வாரங்களுக்கு முன்புதான் முடித்திருந்தார்.

டிரம்ஸைச் சுற்றி மட்டும் சுமார் 30 மைக்குகள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவற்றில் வேலையைச் செய்தவை கருவிக்கு அருகில் இருந்தவற்றைவிடத் தள்ளி இருந்தவைதான். அல்பினியின் வழக்கமான முறை இது: ஸ்னேருக்கும் காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் அருகில் மைக், மேலே ஒரு ஜோடி, பிறகு அறையின் தூரத்தில், பெரும்பாலும் தரையை ஒட்டி, இன்னொரு ஜோடி. தூரத்து மைக்குகளின் ஒலியை 10 முதல் 20 மில்லி விநாடி வரை தாமதப்படுத்துவார். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகிறது. ஆகவே 20 மில்லி விநாடி தாமதம் என்றால் மைக்கை ஏறக்குறைய 7 மீட்டர் பின்னுக்குத் தள்ளியதற்குச் சமம். அடியின் முனை கூர்மையாகவே இருக்கும், அறை அதற்குப் பின்னால் தனியாக வந்து சேரும்.  ‘வெரி ஏப்’, ‘டுரெட்ஸ்’ பாடல்களுக்கு டிரம்ஸைச் சமையலறைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். கெட்டியான சுவர் தரும் எதிரொலிக்காகத்தான்.

இந்த ஒலியை வீட்டில் கொண்டுவர முயல்கிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் வழுக்குவார்கள். ஒன்று, தாழ்வான கூரை. மைக்குக்கு ஒரு மீட்டர் மேலே கூரை இருந்தால் எதிரொலி போய்வர 2 மீட்டர், அதாவது சுமார் 6 மில்லி விநாடி. அவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் ஒலி நேரடி ஒலியோடு கலந்து சில அலைவரிசைகளைத் தின்றுவிடும்; ஸ்னேர் தகரப் பெட்டிபோல் கேட்கும். கூரையில் கனமான உறிஞ்சு பலகை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று சிம்பல். தூரத்து மைக்குக்கு டிரம்மையும் சிம்பலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாசிப்பவர் சிம்பலை ஓங்கி அடித்தால் அறை முழுக்க சீறல்தான், அதை மிக்ஸில் எடுக்க வழியில்லை. க்ரோல் ஸ்னேரை உடைப்பதுபோல் அடித்தும் சிம்பல் மற்றதை மூழ்கடிக்காமல் காத்ததில்தான் இந்தப் பதிவு பிழைத்தது. மைக் வாங்குவதற்கு முன் டிரம்மரின் கையைக் கேட்க வேண்டும்.

அடிப்படைப் பதிவு ஆறு நாளில் முடிந்தது. மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். அதன் மேல் சில கிட்டார் பகுதிகள் சேர்க்கப்பட்டன. குரலின் பெரும்பகுதி ஒரே நாளில் முடிந்தது. மிக்ஸிங் ஐந்து நாள். மொத்தம் இரண்டு வாரம். ‘டம்ப்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டிலும் கெரா ஷேலியின் செல்லோ.

நாடா லேபிளுக்குப் போனதும் தொல்லை தொடங்கியது. லேபிளான டிஜிசிக்கும் குழுவின் மேலாளர்களுக்கும் பிடிக்கவில்லை. 1993 ஏப்ரலில் சிகாகோ ட்ரிப்யூனில் கிரெக் காட்டின் கட்டுரை வந்தது. லேபிளுக்கு இது பிடிக்கவில்லை என்று அல்பினியே அதில் சொல்லியிருந்தார். பிறகு நியூஸ்வீக் அதே கதையைப் பெரிதாக்கியது. குழு அதை மறுத்துக் கடிதம் எழுதி, பில்போர்டில் முழுப் பக்க விளம்பரமாகவும் வெளியிட்டது. ஆனால் குழுவுக்குள்ளேயே ஐயம் இருந்தது. பாஸ் கிட்டார் தெளிவாக இல்லை, குரல் தணிந்திருக்கிறது என்று அவர்களுக்கும் பட்டது. அல்பினியிடம் மறுபடி மிக்ஸ் செய்யக் கேட்டார்கள். மேம்படுத்த ஒன்றுமில்லை என்று அவர் மறுத்தார்.

அடுத்து இரண்டு திருத்தங்கள் நடந்தன, இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, பாப் லட்விக்கின் மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலித் திருத்தம். மாஸ்டரிங் மேசைக்கு வருவது முடிந்த ஸ்டீரியோ கலவை. குரலை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. குரல் வாழும் நடு அலைவரிசைகளைச் சற்று உயர்த்தி, பாஸின் விளிம்பைக் கூர்மையாக்குவதுதான் வழி. ஆல்பம் முழுவதும் இதனால் தெளிந்தது. இரண்டாவது, ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டையும் மட்டும் ஆர்.இ.எம். குழுவின் தயாரிப்பாளர் ஸ்காட் லிட் சியாட்டிலில் மறுபடி மிக்ஸ் செய்தது. ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ பாட்டுக்கு அக்கூஸ்டிக் கிட்டாரும் துணைக்குரலும் கோபேன் புதிதாகச் சேர்த்தார்.

லிட் செய்த இந்த இரண்டு மிக்ஸ்களில் ஒன்றுதான் தேவையாக இருந்தது. ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ அல்பினி மிக்ஸில் கிட்டார் தனி வாசிப்பின் மேல் ஒரு நடுக்க எஃபெக்ட் கனமாகப் போடப்பட்டிருக்கிறது. பாட்டு அந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. பாஸ் வாசித்த க்ரிஸ்ட் நோவோசெலிச் அதை எதிர்த்துப் பேசியது சரி, லிட் எடுத்தது சரி. ‘ஆல் அபாலஜீஸ்’ வேறு கதை. அல்பினியின் மிக்ஸில் செல்லோவும் கிட்டாரும் ஒரே உயரத்தில் நடக்கின்றன, குரல் அவற்றுக்கு நடுவே களைப்போடு நிற்கிறது. அந்தப் பாட்டின் பொருளுக்கு அதுவே பொருத்தம். லிட்டின் மிக்ஸில் குரல் முன்னால் வந்து வானொலிக்குத் தோதாகிவிட்டது. கெட்டதென்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் ‘டுரெட்ஸ்’ பாட்டிலிருந்து வந்து சேரும்போது யாரோ கதவைத் திறந்து வேறு வீட்டுக்குள் கூட்டிப்போவதுபோல் இருக்கிறது.

மற்ற பாடல்களில் ‘மில்க் இட்’தான் இந்த ஒலிப்பதிவின் உரைகல். முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் நடுவே அமுக்கி (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) எதுவும் போடாததுபோல் ஒரு தாவல். ‘ரேடியோ ஃப்ரெண்ட்லி யூனிட் ஷிஃப்டர்’ நீளம் அதிகம். ஃபீட்பேக் கீச்சலைத் தாண்டி அதில் பாட்டு குறைவு. ‘பென்னிராயல் டீ’யை ஆல்பத்தில் கேட்டால் பாதி வெந்ததுபோல் இருக்கும். கோபேனின் குரல் கோரஸில் அடங்கிப்போகிறது. லிட் இதையும் தொட்டிருக்கலாம் என்று தோன்றும். தொட்டார், ஆனால் பிறகு: அந்த மிக்ஸ் சிங்கிளாக வரவிருந்த 1994 ஏப்ரலில் கோபேன் இறந்துபோனார், சிங்கிள் நிறுத்தப்பட்டது.

1993 செப்டம்பரில் வெளியான ஆல்பம், வானொலி ஏற்காது என்ற பயத்தைப் பொய்யாக்கி, முதல் வாரத்தில் சுமார் 1,80,000 பிரதிகள் விற்று அமெரிக்காவில் முதலிடத்தில் நுழைந்தது. பிரிட்டனிலும் முதலிடம். வால்மார்ட், கேமார்ட் இரண்டும் விற்க மறுத்தன. 1994இல் பின்னட்டைப் படத்தை மாற்றி, ‘ரேப் மீ’ என்ற தலைப்பை ‘வெய்ஃப் மீ’ என்று அச்சிட்டு அவற்றுக்குத் தனிப் பதிப்பு கொடுத்தார்கள். பாட்டின் வரி மாறவில்லை, அட்டை மட்டும் மாறியது! லிட்டின் ‘பென்னிராயல் டீ’ அந்தப் பதிப்பில்தான் முதலில் வந்தது; 2002இல் வந்த ‘நிர்வாணா’ தொகுப்பிலும் அது இருக்கிறது. விமர்சகர்களைப் பொறுத்தவரை, வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையின் 1993 வாக்கெடுப்பில் இது இரண்டாமிடம். மூன்றாமிடம் பி.ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’. கேனன் ஃபால்ஸ் காட்டின் ஒரே அறையிலிருந்து ஒரே பொறியாளர் கொண்டுவந்த இரண்டு ஆல்பங்கள், அடுத்தடுத்து!

வாங்குபவருக்கு எந்தப் பதிப்பு? பழைய சிடி மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும்; பிற்காலத்து அமுக்கல் அதில் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே வந்த சிடிகளில் ‘ஆல் அபாலஜீஸ்’ முடிந்து சுமார் 20 நிமிட மௌனத்துக்குப் பிறகு ஒரு மறைபாட்டு உண்டு. 1993 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவில் பதிவானது அது. அந்தச் சிடியைக் கணினியில் ஏற்றினால் கடைசிப் பாட்டு அரை மணி நேரக் கோப்பாக விழும், வெட்டித்தான் வைக்க வேண்டும். 2013 பதிப்பில் அல்பினியின் அந்த இரண்டு பழைய மிக்ஸ்களும், ஆல்பம் முழுவதையும் அவர் புதிதாகச் செய்த 2013 மிக்ஸும் உள்ளன. புதிய மிக்ஸில் பாஸ் தெளிவு, குரல் நடுவில் உறுதி. ‘சர்வ் தி சர்வன்ட்ஸ்’ பாட்டில் கிட்டார் தனி வாசிப்பே வேறு. முதன்முறை கேட்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஆல்பத்தை அறிந்தவர், எது எங்கே மறைந்திருந்தது என்று பார்க்கக் கேட்கலாம். 2023இன் 30ஆம் ஆண்டுப் பதிப்பில் பாப் வெஸ்டன் மூல நாடாவிலிருந்து மாஸ்டர் செய்திருக்கிறார். அதோடு 1993 டிசம்பரின் லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரியும் 1994 ஜனவரியின் சியாட்டில் கச்சேரியும் முழுதாக வருகின்றன. கச்சேரிகள் வேண்டாதவர் பெரிய பெட்டிக்குக் காசு போட வேண்டாம்.

கேட்கும்போது ஒலியளவை ‘மில்க் இட்’ பாட்டின் அலறல் பகுதிக்கு ஏற்ப வைத்துவிட்டுப் பிறகு முதல் பாட்டுக்குப் போங்கள். முணுமுணுப்புக்கு ஏற்ப வைத்தால் ஒரு நிமிடத்தில் கை குமிழுக்கு ஓடும். சின்ன ஸ்பீக்கரில் தூரத்து மைக்குகளின் ஒலி வெறும் இரைச்சலாகச் சுருங்கிவிடுகிறது, ‘குரல் கேட்கவில்லை’ என்ற பழைய புகார் அங்கே உண்மையாகவே தோன்றும். ஹெட்ஃபோனில் அப்படியில்லை. 41 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் ‘ஆல் அபாலஜீஸ்’ தொடங்கும் இடத்தில் அறை சட்டென்று மாறுவது தெரியும். அல்பினியின் மிக்ஸை அந்த இடத்தில் மாற்றிப் போட்டு ஒரு முறை கேளுங்கள்.