சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஆதாரோடு 11 ஆண்டுகள்

"அம்மா, ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் பாரும்மா."

"இருடி, கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல."

இந்த உரையாடல் எங்கள் வீட்டில் எத்தனை முறை நடந்தது என்று கணக்கே இல்லை. 2014-ல் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தபோது ஆதார் அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். அதோடு இணைத்திருந்த சிம்மை மன்னார்குடி வீட்டில் அப்பாவின் பழைய போனில் போட்டுவிட்டு வந்தேன். தேவையானதைக் கொண்டுவந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு அட்டை பெரும்பாலும் அலங்காரம்தான். ஆதார் என்று எதைச் செய்யப் போனாலும் வேலை நடப்பது அந்த சிம்முக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி எண்ணில். வெளிநாட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகாது, இந்திய எண்தான் வேண்டும்.

2017-ல் அந்த சிம் செத்துப்போனது. இந்தியாவில் முன்கட்டண எண்ணை 90 நாள் தொடாமல் விட்டு, 20 ரூபாய் இருப்பும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த சமயம். ரீசார்ஜ் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சில மாதம் கழித்து அந்த எண்ணை அழைத்தால் யாரோ ஒருவர் இந்தியில் பேசினார். என் ஆதாரின் ஓடிபி போய்ச் சேரும் எண் இப்போது முகம் தெரியாத ஒருவர் கையில். அன்றிரவு நான் தூங்கவில்லை.

ஆன்லைனில் மாற்றிவிடலாம் என்று போனால், கைபேசி எண்ணை மாற்ற நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்றது. விமான டிக்கெட் போட்டால்தான் உண்டு. அது உடனே முடியவில்லை, 2019 டிசம்பரில்தான் முடிந்தது.

அதே பயணத்தில் கணவருக்கும் புதிதாக ஆதார் எடுத்தோம். அவர் ஆதார் வருவதற்கு முன்பே வெளிநாடு போனவர். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அவருக்கு வழியே இல்லாமல் இருந்தது. 2019 செப்டம்பரில்தான் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். நல்ல மாற்றம், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆதார் மையத்தில் காலை ஏழு மணிக்கு டோக்கன். என் வலது கை விரல்களை இயந்திரம் மூன்று முறை மறுத்தது. பக்கத்தில் ஒரு பாட்டி, வயல் வேலை செய்த கை, ரேகை தேய்ந்துபோயிருந்தது. அவர் அன்றைக்கு வந்தது நான்காவது தடவையாம். எனக்கு இது ஒரு விடுமுறைத் தொல்லை. அவருக்கு ரேஷனும் உதவித்தொகையும். 2010-ல் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி என்ற பழங்குடி கிராமத்தில் முதல் ஆதாரைக் கொடுத்தபோது சொன்ன நோக்கமே கையில் எந்தக் காகிதமும் இல்லாதவர்களுக்கு ஓர் அடையாளம் என்பதுதான். அந்தப் பாட்டியின் விரலை அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளாமல் இருந்தது இன்னும் மனசில் நிற்கிறது.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கென்றே எழுதிவைத்த பிரச்சினை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக இருக்கிறது. பான் அட்டையில் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. மூன்றும் நான்தான். ஆனால் கணினிக்கு மூன்று பெண்கள். ஒரு வங்கியில் கணக்கு விவரம் புதுப்பிக்கப் போய் இதற்காகவே இரண்டு முறை திரும்பி வந்தேன். போதாததற்கு முகவரியின் தமிழ் வரியில் அப்பா 'தங்கவேல்' என்பது 'தாங்கவேல்' ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் அடித்ததை இயந்திரம் தானாகத் தமிழாக்கும்போது நடப்பது. திரையில் இரண்டு மொழியையும் காட்டும்போது நிதானமாகப் படித்துவிடுங்கள், பின்னால் வரிசை நகரச் சொன்னாலும் பரவாயில்லை. பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு தடவைதான். நான் ஒரு வாய்ப்பைப் பயன்படுத்தி பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே மாற்றிக்கொண்டேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: பாஸ்போர்ட் பெயரை அடிப்படையாக வைத்து மற்றதை எல்லாம் அதற்குப் பொருத்துங்கள்.

சரி, அந்தரங்கம்.

சிங்கப்பூரில் என்னிடம் இருப்பது ஃபின் எண், இங்கே வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண். நான் வந்த புதிதில் அடுக்குமாடிக் காவலர் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்வார், அதிர்ஷ்டக் குலுக்கலுக்குக்கூட எண்ணைக் கேட்பார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் கேட்டாலோ, ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டிய தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் இந்த எண்ணை வாங்கவோ அட்டையை நகல் எடுக்கவோ கூடாது என்றாகிவிட்டது. அந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். காவலர் பெயரையும் கைபேசி எண்ணையும் மட்டும் கேட்டார். இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் தெரிந்தது. பெரிய சர்ச்சையாகி, அரசு மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகு அரசு தெளிவாகச் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்தது: அடையாள எண் என்பது ஆளைக் குறிக்க மட்டும்தான், அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை எல்லோரும் நிறுத்த வேண்டும்.

ஊருக்கு வந்தால் நிலைமை வேறு. லாட்ஜில் அறை கேட்டால் ஆதார் ஜெராக்ஸ். கல்யாண மண்டபத்துக்கு ஜெராக்ஸ். கூரியருக்கும் ஒருவர் கேட்டார். 2017 ஆகஸ்ட் 24-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாடு இது. 2018 செப்டம்பரில் வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை நான் ஒரு வங்கிக் கவுண்டரில் சொன்னபோது அந்தப் பையன், "எங்க ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருக்குங்க மேடம்" என்றான். அவனைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினேன், மேலாளரைக் கேட்டு வந்து ஏற்றுக்கொண்டான். வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்த உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத் தரலாம். ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் எண்ணை உருவாக்கி அதைத் தரலாம், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே நல்ல வசதிகள். என் அனுபவத்தில் கவுண்டரில் இருப்பவர்களுக்குத்தான் இவை தெரிவதில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. பதிவிறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். உங்களைத் தெரிந்த யாரும் அதைத் திறக்கலாம். அதனால் அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் ஆதாரில் என் கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வைத்ததுதான். ஆதார் எண்ணும் விரலும் இருந்தால் ஓடிபி இல்லாமலே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி இந்தியாவில் இருக்கிறது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து அப்படிப் பணம் திருடிய வழக்குகள் வந்தன. நான் வருடத்தில் 11 மாதம் ஊரில் இல்லை, என் விரல் அங்கே வேலை செய்ய வேண்டிய தேவையே இல்லை. பூட்டியே இருக்கட்டும். ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதம் யார் யார் நம் எண்ணைச் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

வருமான வரிக்கான பான் எண்ணை ஆதாரோடு இணைப்பது பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதில் 2017 ஜூலை முதலே விலக்கு உண்டு. ஆனால் வருமான வரித் தளத்தில் உங்கள் நிலை உள்நாட்டில் இருப்பவர் என்றே பதிவாகியிருந்தால் அந்த விலக்கு அங்கே யாருக்கும் தெரியாது. 2023 ஜூலை 1-ல் இணைக்காத பான்கள் செயலிழந்தபோது இப்படிப் பலர் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் நிலையை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2019-ல் ஆதாரோடு இணைத்த புது சிம்மை 2023-ல் ஒருவழியாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தேன். இரண்டு சிம் போடும் போனில் ரோமிங்கைத் திறந்து வைத்திருக்கிறேன், ஓடிபி என் கைக்கே வருகிறது. முதல் வருடமே செய்திருக்க வேண்டியது. செய்ய வைத்தது அம்மாதான். ஒருநாள் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ அவரிடம் ஓடிபி கேட்டிருக்கிறார்கள். அம்மா நான்கு இலக்கம் வரை படித்துவிட்டு, தம்பி உள்ளே வரவும் நிறுத்தியிருக்கிறார். "நீயும் போன்லதான் கேக்கற, அவனும் போன்லதான் கேக்கறான். எனக்கு எப்படிடி வித்தியாசம் தெரியும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒன்பது வருடமாக எண்ணை வாசித்துக் காட்டப் பழக்கியது நான்தானே.

அம்மாவின் சொந்த ஆதார் வேலைகளுக்கு இன்னும் அவர் போனுக்கு வரும் எண் தேவைப்படுகிறது. அதற்கு இப்போது ஒரு ஏற்பாடு. நான் கேட்டாலும் தம்பி கேட்டாலும், எங்கள் கொல்லையில் நின்ற சிவப்புப் பசுவின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அம்மா கண்ணாடியைத் தேடப் போவார்.