தாய்லாந்தில் ஆசிரியர் வேலை, ‘கணவன் மனைவிக்கு முன்னுரிமை’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "நானும் அவரும் போகலாமாடி? நீ போயிட்டு வந்தவளாச்சே" என்று கேட்டாள். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, நான்கே மாதம், கணவன் மனைவிக்கு முன்னுரிமை, தங்குமிடம் இலவசம், ஆளுக்கு மாதம் 30,000 பாட். நாங்கள் ஏமாந்த அதே வாசகம், ஃபோன் நம்பர் மட்டும் வேறு. மே மாதம் அங்கே பள்ளி திறக்கிறது, அதற்குத்தான் இப்போது ஆள் பிடிக்கிறார்கள். அவளிடம் ஃபோனில் சொன்னதை எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன்.

நானும் கணவரும் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தோம். இருவருக்கும் பி.எட். உண்டு. வீட்டுக் கடனும் உண்டு. 30,000 பாட் என்றால் அன்றைய மதிப்பில் 70,000 ரூபாய்க்கு மேல். இரண்டு பேர், நான்கு மாதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இருந்த வேலையை விட்டோம். சென்னையில் இருந்த ஏஜென்ட் ஆளுக்கு 70,000 ரூபாய் வாங்கினார். 2024 அக்டோபர் கடைசியில் உடோன் தானியில் போய் இறங்கினோம். லாவோஸ் எல்லைக்குப் பக்கத்து ஊர்.

"விசா பத்திக் கவலையே வேண்டாம் மேடம், 60 நாள் ஃப்ரீ. அங்க போய் மாத்திக்கலாம்" என்றார் ஏஜென்ட். 2024 ஜூலையில் இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி வந்தது உண்மைதான். ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. சம்பளத்துக்குப் பாடம் நடத்த ‘நான்-பி’ (Non-B) என்கிற வேலை விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதோடு நாடு கடத்தல். அபராதம் கட்டுவதும் ஊர் திரும்புவதும் நாம்தான். திருச்சியில் இருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

இன்னொன்றும் அங்கே போன பிறகுதான் புரிந்தது. முறைப்படி ஆசிரியரை எடுக்கப் பள்ளிக்கு நிறைய வேலை இருக்கிறது. பட்டச் சான்றுக்கு அட்டெஸ்டேஷன், போலீஸ் சான்று, தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களுக்கு டோயிக் மாதிரி ஏதாவது ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், ஆசிரியர் உரிமம் இல்லையென்றால் குருசபா என்கிற அவர்களுடைய ஆசிரியர் கவுன்சிலின் தற்காலிக அனுமதி, அப்புறம்தான் விசாவும் பெர்மிட்டும். இதற்கே மாதக்கணக்கில் ஆகும். நான்கு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? அதனால் குறுகிய கால வேலை என்று வருவதில் பெரும்பாலானவை காகிதம் இல்லாத வேலைதான். அக்டோபரிலும் கோடை விடுமுறையிலும் நடக்கிற ஆங்கில முகாம்களும் இதில் சேர்த்திதான்.

கணவன் மனைவி என்று ஏன் குறிப்பாகத் தேடுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். பள்ளியில் முறைப்படி இருந்தது ஒரே ஒரு இடம். டிசம்பரில் நோங் காய் பாலம் வழியாக லாவோஸ் தலைநகர் வியன்டியேன் போய் கணவருக்கு நான்-பி வாங்கி, பெர்மிட்டும் எடுத்தார்கள். எனக்கு எதுவும் இல்லை. கேட்டால், "நீங்க அவரோட டிபென்டென்ட்தானே மேடம், அது போதும்" என்றார் அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர். டிபென்டென்ட், அதாவது கணவரைச் சார்ந்து வருகிறவர் என்கிற விசாவை வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்க முடியாது, அதற்கும் பெர்மிட் வேண்டும். தவிர, அந்த விசாவையும் எனக்கு வாங்கித் தரவில்லை. 60 நாள் முடிந்ததும் 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டிக்கச் சொன்னார்கள். அதையும் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

சம்பளம் 30,000 என்றது அவருக்கு 18,000 ஆனது. எனக்கு முதல் மாதம் பயிற்சிக் காலம் என்று ஒன்றும் தரவில்லை, அடுத்த மாதம் 12,000 ரொக்கமாக ஒரு கவரில் வந்தது. இலவசம் என்ற அறைக்கு மாதம் 4,500 பிடித்தம். நான் நின்றுவிடுகிறேன் என்றபோதுதான் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். முழுக்கத் தாய் மொழியில் இருந்த நான்கு பக்கம். இருவரில் ஒருவர் விலகினால் இருவருடைய ஒப்பந்தமும் முடியும், பாக்கிச் சம்பளம் கிடையாது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று "வெறும் ஃபார்மாலிட்டி" என்றார்கள். அவருடைய விசா அந்தப் பள்ளியோடு கட்டியது, அறை அவர்களுடையது, பாக்கிச் சம்பளம் அவர்கள் கையில். தனியாக வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜோடியாக வந்தவர்கள் ஒருவருக்காக ஒருவர் பொறுத்துப் போவார்கள். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜனவரியில் ஒரு நாள் காலை, கொடியேற்றம் முடிந்து நான்காம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து, "அதிகாரிகள் வர்றாங்க, நீலப் புத்தகம் இல்லாதவங்க பின்னால வாங்க" என்றார். நீலப் புத்தகம் என்றால் வொர்க் பெர்மிட். விளையாட்டுச் சாமான் அறையில் என்னையும் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண்ணையும் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வாலிபால் வலையும் காற்றுப்போன பந்துகளும் குவிந்து கிடந்தன, ரப்பர் வாடை. ஒன்றரை மணி நேரம். ஜன்னல் கம்பி வழியே என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "க்ரூ! க்ரூ!" என்று கூப்பிட்டார்கள். அங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் குரு என்ற சொல்தான். நான் வாயில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று சைகை காட்டினேன். பதினொரு வருஷம் வகுப்பில் தலை நிமிர்ந்து நின்றவள் நான். அன்று ராத்திரியே டிக்கெட் போட்டோம். ஒரு மாதச் சம்பளப் பாக்கி போனது போனதுதான்.

ஊருக்கு வந்து காவல் நிலையத்துக்குப் போனோம். ஏஜென்ட் கொடுத்த ரசீதில் ‘ஆசிரியர் பயிற்சிக் கட்டணம்’ என்று இருந்தது. ஆன்லைனில் ஒரு சான்றிதழ் படிப்பும் கொடுத்திருந்தார். "பயிற்சிக்குப் பணம் கட்டினீங்க, பயிற்சி கொடுத்துட்டாங்களே" என்றார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். எங்கள் ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

எங்களுக்குப் பணமும் வேலையும் போனதோடு சரி. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பையன்களை மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று டூரிஸ்டாக அனுப்புவதில்தான் அதுவும் ஆரம்பித்தது.

தோழியிடம் சொன்னது இதுதான்: பள்ளியிலிருந்து நேரடியாக இரண்டு நியமனக் கடிதம் கேள், ஒன்று உன் பெயரில், ஒன்று அவர் பெயரில், சம்பளமும் தனித்தனியாக. இரண்டு பேருக்கும் நான்-பி இங்கிருந்தே கிடைத்த பிறகு டிக்கெட் போடு. அவள் கேட்டிருக்கிறாள். "ஜோடிக்கு ஒரே லெட்டர்தான் மேடம் வரும்" என்று பதில் வந்ததாம். முன்பணம் கட்டவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன், உங்களிடம் நீட்டுகிற தாளோடு வைத்துப் பாருங்கள்.